ஓடை நீரில் வீட்டு விளக்கு

ஆடி மாதத்து மழையில் மேற்குத் தொடர்ச்சி மலைச் சரிவுகளைக் கண்டோர் ஒரு விந்தையை உணர்ந்திருப்பர். திரும்பிய பக்கமெல்லாம் நீர் பாய்ந்து இறங்கிக் கொண்டிருக்கும். வீடுகளிலோ விளக்கு எரியாது. காற்றில் மரம் சாயும். மரத்தோடு மின்கம்பியும் அறுந்து வீழும். ஒதுக்குப்புறமான தோட்டத்து வீடுகளுக்கு மீண்டும் மின்சாரம் வர நாட்கள் பல ஆகும். சூரிய ஒளித் தகடுகளை நம்பியிருப்போரும் அந்நாட்களில் ஏமாற்றமே அடைவர். வானம் மூடிக்கொண்ட பின் தகடு என்ன செய்யும்? இவ்வாறு இருளில் அமர்ந்திருப்போரின் வாசலிலேயே மின்சக்தி இராப்பகல் ஓயாது ஓசையிட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. அதனைப் பிடித்து வீட்டினுள் கொணரும் வழியையே இக்கட்டுரையில் கூறப் புகுகின்றோம்.

இஃது நம்மவர்க்குத் தொலைவான பொருளன்று. குடகு, சிக்கமகளூர் ஆகிய காப்பித் தோட்டப் பகுதிகளிலும், இடுக்கி மாவட்டத்துத் தேயிலை, ஏலத் தோட்டங்களிலும் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பியவர்களில் ஒரு சாரார் தென் கன்னட மாவட்டத்தின் சுள்ளியா, புத்தூர் வட்டாரங்களில் ரப்பர்த் தோட்டங்களில் குடியேற்றப்பட்டனர். இத்தகைய குடும்பங்களிற் சில இன்று சொந்தமாகச் சிறு நிலமும் வீடும் உடையனவாக உள்ளன. நகரங்களில் வாழும் நம் வாசகர்களிலும் மலைப் பகுதியில் உற்றார் உறவினர் இல்லாதார் சிலரே. ஆதலின் இதனைப் படிப்போர், பயன்படக்கூடிய உறவினர்க்கும் படித்துக் காட்டுவாராக.

வீட்டில் பிறந்த கலை

நீர் மின்சாரம் என்றதும் பேரணையும், பெருங்குழாய்களும், மலைபோன்ற யந்திரங்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயினும் இக்கலை ஒரு வீட்டிலேதான் பிறந்தது. 1878ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வடபகுதியில், கிராக்சைடு என்னும் தம் மாளிகையில் வில்லியம் ஆம்ஸ்ட்ராங் என்பவர் அருகிலிருந்த நீரைக்கொண்டு ஒரு மின்விளக்கை எரித்துக் காட்டினார். நீர்ச்சக்தியால் ஒளிபெற்ற முதல் வீடு அதுவே என்பர். நம் நாட்டில் 1897ஆம் ஆண்டில் டார்ஜிலிங்கை அடுத்த சித்ராபோங்கில் முதல் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. அதன் முழு ஆற்றலும் 130 கிலோவாட்டே. ஐந்தாண்டுகளுக்குப் பின், 1902இல், காவிரியின் சிவசமுத்திர வீழ்ச்சியிலிருந்து கோலார் தங்கச் சுரங்கங்களுக்கு மின்சாரம் சென்றது. அச்சுரங்கங்களில் ஆயிரக்கணக்கான தமிழர் உழைத்த வரலாற்றை யாவரும் அறிவர்.

இன்று நம் நாட்டில் 25 மெகாவாட் வரையுள்ள நிலையங்களைச் சிறு நீர்மின் நிலையங்கள் என்றும், அவற்றுள் 100 கிலோவாட்டுக்கு மேற்படாதவற்றை மைக்ரோ நிலையங்கள் என்றும் அரசினர் வகுத்துள்ளனர். ஐந்து கிலோவாட்டுக்கு உட்பட்ட வீட்டு யந்திரங்களைப் ‘பிக்கோ’ என்று வழங்குகின்றனர். கர்நாடகத்து மலைநாட்டில் பல வீடுகளில் இவை இயங்கி வருகின்றன. நாம் ஈண்டு பேசப்போவது இந்தக் கடைக்குட்டியைப் பற்றித்தான்.

யந்திரத்துக்கு முன்னே அளவு

இத்துறையில் இறங்குவோர் பலர் முதலில் விசாரிப்பது யந்திரத்தின் விலையை. அது தலைகீழ் முறையாகும். முதலில் விசாரிக்க வேண்டியது ஓடையை. ஓடை தராத சக்தியை எந்த யந்திரமும் தந்துவிடாது.

ஓடையிடம் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டே. வினாடிக்கு எத்தனை லிட்டர் நீர் வருகிறது? அந்நீரை எத்தனை மீட்டர் உயரத்திலிருந்து கீழே இறக்க இயலும்? முதலாவதை வரத்து என்போம். இரண்டாவதை இறக்கம் என்போம். வரத்தையும் இறக்கத்தையும் பெருக்கி, வந்த தொகையை ஐந்தால் பெருக்கினால், வீட்டு யந்திரத்திலிருந்து எதிர்பார்க்கத் தக்க சக்தி வாட் கணக்கில் கிடைக்கும். பூமியின் ஈர்ப்பை நோக்க, ஏறத்தாழப் பத்தால் பெருக்க வேண்டுவதே முறை. சக்கரத்திலும் ஜெனரேட்டரிலும் ஏறக்குறையப் பாதி இழப்பாகும் என்று கொண்டே ஐந்து என்கிறோம்.

மலைச் சரிவில் ஒரு வீட்டைக் கற்பித்துக் கொள்வோம். வீட்டுக்கு மேலே ஓடை. ஓடையிலிருந்து வீட்டின் பின்புறம் வரை 30 மீட்டர் இறக்கம். மார்கழியில் வினாடிக்கு 6 லிட்டர் வரத்து. ஆறை முப்பதால் பெருக்க 180. அதை ஐந்தால் பெருக்க 900 வாட். இது கேட்பதற்குச் சிறு தொகையாகத் தோன்றலாம். ஆனால் நீர் உறங்குவதில்லை. நாள் முழுதும் ஓடும் 900 வாட் யந்திரம் 21 யூனிட்டுக்கு மேல் தந்துவிடும். நடுத்தரக் குடும்பம் ஒன்றின் ஒரு நாளைத் தேவைக்கு அது மிகையே.

வரத்தை அளப்பதற்குப் பெரிய கருவி வேண்டுவதில்லை. நீரைச் சிறு மடையால் ஒருமுகப்படுத்தி, 200 லிட்டர் பீப்பாய் ஒன்றில் விழச் செய்து, நிரம்பும் நேரத்தைக் கடிகாரத்தில் காண்க. 33 வினாடியில் நிரம்பினால் வரத்து 6 லிட்டர். நீர் அதற்கு அடங்காதாயின், ஓடையின் குறுக்கே ஒரு பலகையை நிறுத்தி, அதில் செங்கோண வடிவில் ஒரு வெட்டு வெட்டி, நீர் முழுதும் அவ்வெட்டின் வழியே வழியும்படி செய்ய வேண்டும். வெட்டின் அடி முனைக்கு மேல் நீர்மட்டம் 10 சென்டிமீட்டர் நின்றால் வரத்து ஏறத்தாழ நாலரை லிட்டர். 20 சென்டிமீட்டர் நின்றால் ஏறத்தாழ 25 லிட்டர். மட்டத்தைப் பலகையை ஒட்டி அளவாமல், சற்றே மேற்புறம், நீர் அமைதியாக நிற்கும் இடத்தில் அளத்தல் வேண்டும்.

இறக்கத்தை அளக்கக் கொத்தனார் கையாளும் மட்டக் குழாயே போதும். ஒரு குச்சியும், நீர் நிரப்பிய அக்குழாயும் கொண்டு படிப்படியாக மேலேறி அளவுகளைக் கூட்டிக் கொள்ளலாம். கண்மதிப்பை நம்புதல் ஆகாது. சரிவின் நீளம் உயரத்தைப் பெரிதாக்கிக் காட்டிக் கண்ணை ஏமாற்றும்.

யாவற்றினும் முக்கியமானது, எப்போது அளப்பது என்பது. ஆவணியில் பொங்கிப் பாயும் ஓடை பங்குனியில் ஒரு நூலாக இளைத்துவிடும். மழைக்காலத்து அளவை நம்பிப் பெரிய யந்திரம் வாங்கியோர் கோடையில் அதற்குத் துணி போர்த்தி வைக்க வேண்டியதாகிறது. ஆகவே பங்குனி, சித்திரையில் ஒரு முறையும், கார்த்திகை, மார்கழியில் ஒரு முறையும் அளந்து குறித்துக் கொள்க. அவ்வூரில் பிறந்து முதிர்ந்தவர்களிடம், கடும் வறட்சி ஆண்டிலும் ஓடை வற்றியதுண்டா என்று கேட்டறிக. அவர்கள் நினைவும் ஓர் அளவுகோலே. நாம் கற்பித்த வீட்டில் சித்திரை வரத்து ஒன்றரை லிட்டர் என்று கொண்டால், குறைந்த வரத்தில் யந்திரத்தின் திறனும் சற்றுக் குறைவதால், 180 வாட்டளவே கிடைக்கும். ஆயினும் 9 வாட் விளக்குகள் இருபதை எரிக்க அது போதும்.

குழாயும் சக்கரமும்

ஓடையின் முழு நீரையும் அணை கட்டி மறிக்க வேண்டுவதில்லை. ஒரு சிறு தடுப்பு. அதிலிருந்து பக்கவாட்டில் நீர் புகும் வழி. இலை தழைகளைத் தடுக்கச் சல்லடை. மணல் படிந்து தங்க ஒரு தொட்டி. மணல் கலந்த நீர் சக்கரத்தை அரம்போல் தேய்க்குமாதலால் தொட்டியைக் குறைத்துச் சிக்கனம் செய்தல் கூடாது. தொட்டியிலிருந்து குழாய் புறப்படும் இடத்தில், வால்வுக்குச் சற்றுக் கீழே, மேல்நோக்கிய ஒரு காற்றுக் குழல் வேண்டும். அஃதின்றி மேல் வால்வை மூடினால், இறங்கும் நீர் பின்னே வெற்றிடத்தை உண்டாக்கிக் குழாயை நசுக்கிவிடக் கூடும்.

குழாயின் பருமனைப் பற்றிச் சிறிது விரிவாகக் கூற வேண்டும். பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். தொட்டியிலிருந்து யந்திரம் வரை 150 மீட்டர் நீளம் என்க. அவ்வழியே 6 லிட்டர் நீரை 63 மில்லிமீட்டர் குழாயில் விட்டால், உராய்வினால் மட்டும் ஏறத்தாழ 12 மீட்டர் இறக்கம் தொலைந்து போகும். முப்பதில் ஐந்திலிரண்டு பங்கு நட்டம். 75 மில்லிமீட்டர் குழாயில் ஏறத்தாழ 5 மீட்டர் போகும். 110 மில்லிமீட்டர் குழாயிலோ ஒரு மீட்டருக்கும் குறைவே. மலிவான குழாயை வாங்கியவர் அதன் மீதி விலையை ஒவ்வொரு நாளும் மின்சாரமாகச் செலுத்திக் கொண்டிருப்பார்.

கீழே வந்த நீர் எவ்வகைச் சக்கரத்தைச் சுழற்ற வேண்டும்? இறக்கம் மிகுந்து நீர் குறைந்த இடத்துக்கு ஏற்றது பெல்டன் சக்கரம். அமெரிக்காவின் கலிபோர்னியாத் தங்கச் சுரங்கப் பகுதியில் வாழ்ந்த லெஸ்டர் பெல்டன் இதனைக் கண்டு 1880இல் காப்புரிமை பெற்றார். சக்கரத்தின் விளிம்பைச் சுற்றி இரட்டைக் கிண்ணங்கள் அமைந்திருக்கும். குழாயின் முனையிலிருந்து பீச்சும் நீர்த்தாரை, இரு கிண்ணங்களுக்கும் இடையிலுள்ள கூர்விளிம்பில் மோதி, இருபுறமும் பிரிந்து, வந்த வழியே திரும்பும். அதன் வேகம் முழுவதும் சக்கரத்துக்குக் கைமாறி, நீர் சோர்ந்து கீழே விழும். இறக்கம் குறைந்து நீர் மிகுந்த இடங்களுக்கு வேறு வகைச் சுழலிகள் உள்ளன.

நம் வீட்டுக் கணக்கில் 18 மில்லிமீட்டர் துளையுள்ள பீச்சு முனை 6 லிட்டர் நீரை வெளிவிடும். அத்தாரையின் வேகம் வினாடிக்கு 23 மீட்டருக்கு மேல். அதாவது மணிக்கு 80 கிலோமீட்டருக்கும் அதிகம். கிண்ணம் தாரையின் பாதி வேகத்தில் ஓடும்போதே முழுப் பயன் கிட்டும். 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள சக்கரம் நிமிடத்துக்கு 1,500 முறை சுழன்றால் அவ்வேகம் அமைந்துவிடுகிறது. நான்கு துருவ ஜெனரேட்டர் ஒன்றுக்கு வேண்டுவதும் இதே 1,500 சுற்றுத்தான். அப்போதே வினாடிக்கு 50 அலைவுள்ள மின்சாரம் பிறக்கும். ஆதலின் பட்டையும் பல்சக்கரமும் இன்றி இரண்டையும் ஒரே தண்டில் பூட்டலாம். கோடைக்கு 9 மில்லிமீட்டர் முனை ஒன்றைத் தனியே வைத்திருத்தல் வேண்டும். துளையின் விட்டம் பாதியானால் நீர் கால் பங்காகும். அதுவே சித்திரை வரத்துக்குச் சரியான அளவு.

சுமையைக் காக்கும் கருவி

இனி ஓர் ஐயம் எழலாம். வீட்டில் எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டால் யந்திரம் என்னாகும்? நீர் வந்துகொண்டே இருக்கும். இழுக்கும் சுமை இராது. சக்கரம் வெறிகொண்டு ஏறத்தாழ இருமடங்கு வேகத்தில் சுழலும். அழுத்தம் ஏறி, மின்கருவிகள் எரிந்து போகும். இதனைத் தடுக்கவே சுமைக் கட்டுப்பாட்டுக் கருவி வைக்கப்படுகிறது. வீடு 300 வாட் இழுத்தால் எஞ்சிய 600 வாட்டை அது தானே வெந்நீர்ச் சுருளுக்குத் திருப்பிவிடும். யந்திரத்துக்கு எப்போதும் ஒரே சுமை. மழைக்காலக் குளிரில் குழந்தைகளுக்கும் முதியோர்க்கும் விறகின்றி வெந்நீர் கிடைக்கிறது. அச்சுருள் யந்திரத்தின் முழுச் சக்தியையும் தாங்க வல்லதாகவும், அது மூழ்கியுள்ள தொட்டி ஒருபோதும் வற்றாததாகவும், மூடி இறுகாததாகவும் இருத்தல் இன்றியமையாதது.

ஓட்டிப் பார்த்தல்

எல்லாம் பூட்டியாயிற்று. உடனே விளக்கேற்றி மகிழ்வதற்கு அவசரப்படலாகாது. சோதனை ஐந்து படிகளை உடையது.

முதற்படி: பீச்சு முனையைக் கழற்றிவிட்டு, குழாயில் தங்கிய மண்ணும் பிளாஸ்டிக் துருவலும் வெளியேறும்வரை நீரை ஓடவிடுக.

இரண்டாம் படி: முனையைப் பூட்டி, கீழ் வால்வை மூடி, குழாயை மெல்ல நிரப்புக. அழுத்தமானி சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 3 கிலோ காட்டினால், 30 மீட்டர் இறக்கமும் முழுதாகக் கிடைத்திருக்கிறது என்பது பொருள். குறைவாகக் காட்டினால் குழாய் நிரம்பவில்லை அல்லது எங்கோ ஒழுகுகிறது. ஓர் இரவு அப்படியே விட்டுக் காலையில் இணைப்புகளைத் தடவிப் பார்த்தல் நலம்.

மூன்றாம் படி: வெந்நீர்ச் சுருளை இணைத்த பின்னரே வால்வைத் திறக்க வேண்டும், அதுவும் மிக மெதுவாக. திறப்பதிலும் மூடுவதிலும் அவசரம் காட்டினால், ஓடும் நீர் திடீரெனத் தடைபட்டு, குழாயினுள் சம்மட்டிபோல் மோதும். அப்போது அழுத்தம் இருமடங்காகவும் கூடும். சக்கரம் சுழலத் தொடங்கியதும் ஒலியைக் கேட்க. சீரான இரைச்சல் நல்லது. தட்டும் ஓசை கேட்டால் நிறுத்திப் பார்க்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்குப் பின் பேரிங் உறையைத் தொட்டால் கை பொறுக்கும் சூடே இருக்கலாம்.

நான்காம் படி: மின் அழுத்தமும் அலைவும் சரியாக நின்றபின், வீட்டுச் சுமையைச் சிறிது சிறிதாக ஏற்றுக, பின் ஒரே வீச்சில் இறக்குக. கட்டுப்பாட்டுக் கருவி பழுதற்றதாயின் வோல்ட் முள் சற்றே அசைந்து பழைய நிலைக்குத் திரும்பும். திரும்பாவிடில் அன்று வீட்டுக்கு இணைப்புத் தருதல் கூடாது.

ஐந்தாம் படி கணக்குப் பார்த்தல். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்க 880 வாட் வந்தது என்போம். அந்த வரத்தும், உராய்வு போக நின்ற இறக்கமும் கொண்டு நீரின் சக்தியைக் கணித்தால் 1,720 வாட். ஆகவே நூற்றுக்கு 51 பங்கு மின்சாரமாகிறது. வீட்டு யந்திரத்துக்கு இது குறையன்று. நூற்றுக்கு முப்பதே வந்தால், தாரை கிண்ணத்தின் நடுவில் விழுகிறதா என்று முதலிற் காண்க.

இவ்வளவுகளை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி யந்திர அறையிலேயே தொங்கவிடுதல் வேண்டும். பின்னாளில் நோய் அறிவதற்கு அதுவே நாடி. மின்சாரம் குறைந்து அழுத்தமானியும் இறங்கியிருந்தால் மேலே சல்லடை அடைத்திருக்கிறது. மின்சாரம் குறைந்து அழுத்தமானி ஏறியிருந்தால் பீச்சு முனையில் ஏதோ சிக்கியிருக்கிறது. அழுத்தம் மாறாமல் மின்சாரம் மட்டும் குறைந்தால் குற்றம் சக்கரத்திலோ, பேரிங்கிலோ, ஜெனரேட்டரிலோ உள்ளது. இம்மூன்று வரிகளை அறிந்தால் வீட்டுப் பெண்டிரும் பிள்ளைகளும்கூட மெக்கானிக் வரக் காத்திராமல் பாதிப் பழுதைத் தாமே கண்டுகொள்வர்.

உயிர்களுக்கு ஊறின்றி

230 வோல்ட் மின்சாரம் சிறிய யந்திரத்திலிருந்து வந்தாலும் கொல்லும் ஆற்றல் உடையது. யந்திர அறை ஈரமான இடம்; ஆதலால் நல்ல எர்த்து இணைப்பும், கசிவு கண்டால் தானே துண்டிக்கும் சுவிட்சும் கட்டாயம் வேண்டும். சுழலும் பகுதிகளைக் குழந்தைகளின் கை எட்டாதவாறு மூடுதல் வேண்டும்.

அரசு மின் இணைப்பும் உள்ள வீடாயின், இரண்டும் ஒருபோதும் சேராதபடி மாற்றுச் சுவிட்சு ஒன்றைத் தகுதி பெற்ற மின்பணியாளர் கொண்டு பொருத்துக. அஃதின்றேல் நம் யந்திரத்தின் மின்சாரம் பின்னோக்கிப் பாய்ந்து, அறுந்து கிடக்கும் கம்பிக்கு உயிரூட்டும். மின்சாரம் இல்லையென்று நம்பி அக்கம்பியைச் சீர்செய்ய மழையில் கம்பத்தில் ஏறியிருக்கும் தொழிலாளியின் கதி என்னாவது? நம் வீட்டு வெளிச்சம் மற்றொரு வீட்டின் விளக்கை அணைத்ததாகிவிடும்.

ஓடை யாருடையது?

தமிழில் ஓடை, கன்னடத்தில் ஹள்ளம், மலையாளத்தில் தோடு. பெயர் எதுவாயினும் அது ஒருவருடைய உடைமையன்று. யந்திரம் நீரைக் குடிப்பதில்லை என்பது மெய்யே. எடுத்த நீர் முழுதும் கீழே ஓடைக்குத் திரும்பிவிடுகிறது. ஆனால் எடுக்கும் இடத்துக்கும் திரும்பும் இடத்துக்கும் நடுவே ஓடை வறண்டால், அங்கே பாக்கு மரத்துக்கு நீர் பாய்ச்சுவோரும், கால்நடைக்கு நீர் காட்டுவோரும், மீனும் தவளையும் துன்புறுவர். ஆகவே கோடையிலும் ஒரு பங்கு நீரைத் தன் வழியே ஓடவிட்ட பின்னரே குழாய்க்குரிய பங்கைக் கணக்கிடுதல் வேண்டும். ஊராட்சியாரையும், காட்டை ஒட்டிய இடமாயின் வனத்துறையினரையும் கேட்டறிந்து, வேண்டும் அனுமதியைப் பெற்றே வேலையைத் தொடங்குக. மாநில மாற்று எரிசக்தி அலுவலகத்தில் உதவித் தொகை பற்றியும் விசாரிக்கலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பீப்பாயும் கடிகாரமும் கொண்டு அளக்கப் போகும் நாளிலேயே கீழ்வீட்டுக்காரரையும் உடன் அழைத்துச் செல்க. எவ்வளவு நீர் வருகிறது, எவ்வளவு எடுக்கப் போகிறோம் என்பதை அவரும் தம் கண்ணால் காண்பாராக. பின்னொரு நாள் எழக்கூடிய வழக்கு அங்கேயே தீர்ந்துவிடும். பிழைக்க வந்த ஊரில் வேரூன்றி நிற்கும் நம் குடும்பங்களுக்கு அண்டை வீட்டாரின் நல்லெண்ணமும் ஒரு செல்வமன்றோ? சக்தி மிஞ்சுமாயின் அவர் வாசலுக்கும் ஒரு விளக்குத் தரலாம். ஆனி மாதத்து இருளில், இரு வீட்டுத் திண்ணையிலும் ஒரே ஓடையின் ஒளி விழட்டும்.